ஒரு சொல்லைக் கவிஞர் ‘படைத்தார்’ என்றால் என்ன பொருள்?

ஷேக்ஸ்பியர் 1,700 ஆங்கிலச் சொற்களைப் புதிதாகப் படைத்தார் என்று ஒரு காணொளியில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணிக்கை உண்மைதானா, நாடகம் பார்க்க வந்த எளிய மக்களுக்கு அதுவரை காதில் விழாத சொல் எப்படிப் புரிந்தது, ஒருவர் எழுதிவிட்டதாலேயே அது ஆங்கிலச் சொல் ஆகிவிடுமா, அதற்கு யாராவது ஒப்புதல் தர வேண்டுமா என்றெல்லாம் கேட்கிறீர்கள். மேலோட்டமாக இது எண்ணிக்கை பற்றிய ஐயம் போலத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது ஒரு சொல் எழுத்தாளரின் தாளிலிருந்து மக்களின் வாய்க்கு எப்படிப் போகிறது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அகராதித் தொகுப்பில் நான் பணியாற்றியவன் அல்லன். ஆகவே அகராதிகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவற்றை நெடுங்காலம் புரட்டியவனின் பார்வை மட்டுமே.

ஒப்புதல் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல், மொழியை ஒழுங்கு செய்யும் ஓர் அகாதெமி உண்டு. ஆங்கிலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. எழுத்தாளர் ஜானதன் ஸ்விஃப்ட் 1712-இல் அத்தகைய அமைப்பு ஒன்று வேண்டும் என்று முறைப்படி முன்மொழிந்தும் அது கைகூடவில்லை. அகராதிகள் வழக்கில் இருப்பதைப் பதிவு செய்கின்றனவே தவிர, உரிமம் வழங்குவதில்லை. எனவே ஆங்கிலத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லை உருவாக்கலாம். மற்றவர்கள் அதை எடுத்து ஆண்டால் அது நிற்கும், இல்லையென்றால் எழுதியவருடைய நூலுக்குள்ளேயே கிடக்கும்.

இனி அந்த 1,700-க்கு வருவோம். இத்தகைய எண்களின் வேர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இருக்கிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்த அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும், சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும், கிடைத்தவற்றுள் மிகப் பழைய மேற்கோளை முதலில் தரும் முறையைக் கொண்டது. அந்த மேற்கோள்களைத் திரட்டியவர்கள் பெரும்பாலும் தன்னார்வ வாசகர்கள். ஆளுக்குச் சில நூல்களைப் படித்து, கண்ணில் பட்ட சொற்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் எல்லார் வீட்டிலும் இருந்த நூல் ஷேக்ஸ்பியர். அவருடைய நாடகங்களுக்கு முழுமையான சொல்லடைவும் (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) தனி அகராதியும் அப்போதே அச்சில் இருந்தன. அவருடைய சமகாலத்தவர் பலருடைய நூல்களோ அரிய நூலகங்களின் அலமாரிகளில் கிடந்தன. விளைவை ஊகிப்பது கடினமன்று: ஒரு சொல் ஷேக்ஸ்பியரில் இருந்தால் அது தவறாமல் பிடிபட்டது; அதே சொல் பத்தாண்டுக்கு முன் வேறொருவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் பெரும்பாலும் நழுவிப் போனது. யூர்கன் ஷேஃபர் என்னும் ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட நூலில், ஷேக்ஸ்பியரையும் தாமஸ் நாஷ் என்ற சமகால எழுத்தாளரையும் அருகருகே வைத்து, நாஷின் நூல்கள் எவ்வளவு அரைகுறையாக வாசிக்கப்பட்டிருந்தன என்பதை விரிவாகக் காட்டினார். அதன் பிறகு, 1700-ஆம் ஆண்டுக்கு முன் அச்சான ஆங்கில நூல்களில் பல்லாயிரக்கணக்கானவை கணினியில் தேடக்கூடிய வடிவம் பெற்றுவிட்டன. தேடத் தேட, ஷேக்ஸ்பியர் பெயரில் இருந்த ‘முதல் சான்றுகள்’ பல அவருக்கு முந்தியவர்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: ‘முதல் சான்று’ என்பது ‘படைத்தவர்’ என்பதற்குச் சமமன்று, 1,700 என்பது ஒருவர் படைத்த சொற்களின் கணக்கன்று, ஓர் அகராதியின் வாசிப்பு எவ்வழி சென்றது என்பதன் கணக்கு. அவருடைய சொல்வளம் மற்றவர்களைவிடப் பன்மடங்கு பெரியது என்ற நம்பிக்கையும் இப்போது தளர்ந்துவிட்டது. ஹியூ கிரெய்க் என்ற ஆய்வாளர் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நாடகத்துக்கு எத்தனை வேறுவேறு சொற்கள் என்று ஒப்பிட்டால் ஷேக்ஸ்பியர் தம் காலத்து நாடக ஆசிரியர்களின் சராசரியை ஒட்டியே நிற்கிறார் என்று காட்டினார். அவருடைய நாடகங்கள் எண்ணிக்கையில் அதிகம் எஞ்சியிருப்பதால் மொத்தம் பெரிதாகத் தெரிகிறது. இது அவரைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலர் வருந்துவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லின் எண்ணிக்கையைக் கொண்டு கவிஞரை அளப்பதே முதலில் பிழையான அளவை.

அப்படியானால் அவர் சொல்லே படைக்கவில்லையா என்றால், படைத்தார். அதை எப்படிச் செய்தார் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. ‘மேக்பெத்’ நாடகத்தில் அரசனைக் கொன்றுவிட்டு வந்தவன் தன் கையைப் பார்க்கிறான். கடல்நீர் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் குருதியைக் கழுவுமா, இல்லை, இந்தக் கைதான் கடல்களையெல்லாம் சிவக்கச் செய்யும் என்கிறான். ‘சிவக்கச் செய்யும்’ என்பதற்கு அவர் இட்ட சொல் ‘இன்கார்னடைன்’. அது இத்தாலிய, பிரெஞ்சு வழியாக வந்த ஒரு நிறப்பெயர். அவையோரில் சிலருக்கே தெரிந்திருக்கக்கூடியது. அதை வினைச்சொல்லாக ஆண்டவராக நாம் அறிந்த முதல் ஆள் அவர். ஆனால் அடுத்த வரியிலேயே, பச்சையை ஒரே சிவப்பாக்கிவிடும் என்று, சந்தையில் கீரை விற்பவருக்கும் தெரிந்த மிக எளிய ஆங்கிலச் சொற்களால் அதே பொருளைத் திரும்பச் சொல்லிவிடுகிறார். உரையாசிரியர் செய்யும் வேலையைக் கவிஞரே செய்யுளுக்குள் செய்துவிடுகிறார். மேடையில் நடிகர் தம் கையை உயர்த்திக் காட்டியிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரியாமல் போக இடமே இல்லை.

அவருடைய இன்னொரு வழி, புதுச்சொல் என்றே தோன்றாத புதுச்சொல். பதினாறாம் நூற்றாண்டுக்குள் ஆங்கிலம் தன் பழைய விகுதிகளில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. ஆகவே ஒரு பெயர்ச்சொல்லை எந்த மாற்றமும் இல்லாமல் வினையின் இடத்தில் வைத்தால் அது வினையாகிவிடும். மேக்பெத்தின் மனைவி, கொலைக்குத் துணிவதற்காக, தன் பெண்மையை அகற்றிவிடுமாறு ஆவிகளை வேண்டும் இடத்தில் வரும் ‘அன்செக்ஸ்’, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயருக்கு முன்னால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முன்னொட்டு சேர்ந்தது மட்டுமே. ‘ஹாம்லெட்’டில், தொண்டை கிழியக் கத்தும் நடிகர்களைப் பற்றி, ஏரோதையே மிஞ்சிவிடுகிறார்கள் என்ற பொருளில் ‘அவுட்-ஹெரட்’ என்றொரு வினை வருகிறது. பழைய சமய நாடகங்களில் ஏரோது மன்னன் வேடம் உரத்த கூச்சலுக்குப் பெயர் பெற்றது என்பதால் அவையோர் உடனே சிரித்திருப்பார்கள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. முழங்கையைக் குறிக்கும் ‘எல்போ’ ‘லியர் அரச’னில் இடித்துத் தள்ளுதல் என்ற வினையாக வருகிறது என்பதற்காக, அவருக்கு முன் எந்த லண்டன்காரரும் அதை வினையாகப் பேசவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? இவ்வளவு எளிதாக நிகழக்கூடிய மாற்றம் தெருவில் நூறு முறை நிகழ்ந்திருக்கலாம். தெருவின் பேச்சு அச்சில் இல்லை.

புரிவது வேறு, வழக்கில் ஏறுவது வேறு என்பதையும் அவருடைய நாடகங்களே காட்டுகின்றன. ‘ஆன்டனியும் கிளியோபாட்ராவும்’ இறுதியில் அரசி, ரோமாபுரியில் ஏதோ ஒரு கீச்சுக்குரல் பையன் என் வேடமிட்டு என் பெருமையைக் குலைப்பான் என்று அஞ்சும்போது, பையனைக் குறிக்கும் ‘பாய்’ வினையாகிவிடுகிறது. அந்த வசனத்தைப் பேசியவரே வேடமிட்ட ஒரு பையன் என்பதால் அது அரங்கில் பளிச்சென்று விளங்கியிருக்கும். ஆனால் வெளியே யாருக்கும் அப்படியொரு வினை தேவைப்படவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. ‘டிராய்லஸும் கிரெஸிடாவும்’ நாடகத்தில் ஒரே உரையில் வரும் ‘டார்டிவ்’, ‘புரொட்ராக்டிவ்’ என்ற லத்தீன் வழிச் சொற்களும், ‘ஒதெல்லோ’வில் வரும் ‘எக்ஸஃப்ளிகேட்’டும் அப்படியே நின்றுவிட்டன. கடைசிச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஊதிப் பெருத்தது என்ற பொருள்படும் எளிய சொல்லையும் வைத்துத்தான் எழுதினார். இருந்தும் அது பிழைக்கவில்லை. உலகின் மிகப் புகழ்பெற்ற நாடக ஆசிரியர் எழுதினார் என்பதே ஒரு சொல்லைக் காப்பாற்றப் போதுமானதன்று.

அக்காலத்தவருக்கே இந்தச் சொல்வெள்ளம் பெரிய சண்டைப்பொருளாக இருந்தது. லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அள்ளிக் கொட்டிய சொற்களை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று பழித்தார்கள். அந்தச் சண்டையின் உச்சம் என்று நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவது, பென் ஜான்சன் 1601-இல் அரங்கேற்றிய ‘போயடாஸ்டர்’ நாடகத்தின் கடைசிக் காட்சி. அதில் வரும் கிரிஸ்பைனஸ் என்ற போலிக் கவிஞன், ஜான்சனோடு அப்போது பகைகொண்டிருந்த ஜான் மார்ஸ்டன் என்ற நாடக ஆசிரியரின் கேலிச்சித்திரம். அவனுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, மேடையிலேயே ஒரு பாத்திரத்தில் வாந்தி எடுக்க வைக்கிறார்கள். வெளியே வருபவை அவன் விழுங்கி வைத்திருந்த கரடுமுரடான சொற்கள். ஒவ்வொரு சொல்லாக விழ, சுற்றி நிற்பவர்கள் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, இன்னும் வருகிறது, இன்னும் வருகிறது என்கிறார்கள். ‘கிளிபெரி’, ‘லூப்ரிகல்’, ‘டர்ஜிடஸ்’, ‘ஆப்லட்ரன்ட்’, ‘ஆப்ஸ்ட்யூபிஃபாக்ட்’ என்று வரிசையாக வருபவற்றை இன்று எந்த ஆங்கிலேயரும் அறியார். இதுவரை ஜான்சனுக்கு வெற்றிதான். ஆனால் அதே பாத்திரத்தில் விழுந்தவற்றுள் ‘ரெசிப்ரோகல்’, ‘ரெட்ரோகிரேட்’, ‘டிஃபங்ட்’, ‘ஸ்பூரியஸ்’, ‘கிளம்ஸி’, ‘இன்ஃப்ளேட்’, ‘ஸ்ட்ரெனுவஸ்’, ‘கான்ஷியஸ்’ ஆகியவையும் உண்டு. ‘கான்ஷியஸ்’ இல்லாமல் இன்று ஒரு மருத்துவமனை இயங்குமா? இவையெல்லாம் மார்ஸ்டன் படைத்தவை என்று கொள்ளக் கூடாது. சில அவருக்கு முன்பே இருந்தவை. காட்சியின் பயன் வேறு: மொழிநுட்பத்தில் தேர்ந்த ஒருவர், தம் காலத்துச் சொற்களில் எது நிற்கும், எது விழும் என்று கணித்ததில் பாதிக்குப் பாதி தவறிவிட்டார். அதே தலைமுறையில் கவிதை இலக்கணம் எழுதிய ஜார்ஜ் புட்டனம், 1589-இல் வெளியான நூலில் ஏற்கத்தகாத சொற்கள் என்று குறித்தவற்றுள் ஒன்று, ஒத்துப்போகக்கூடியது என்ற பொருள்படும் ‘கம்பேட்டிபிள்’. கணினி விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் அவருடைய தோல்வி காதில் விழும்.

எல்லாப் புதுச்சொல்லும் திட்டமிட்டுப் பிறப்பதில்லை. வீரச்செயலைக் குறிக்கும் ‘டெரிங்-டூ’ ஒரு பிழையின் பேரன். பதினான்காம் நூற்றாண்டில் கவிஞர் சாசர், செய்யத் துணிதல் என்ற பொருளில் எழுதிய ஒரு சாதாரணத் தொடரை லிட்கேட் என்ற கவிஞர் பின்பற்றினார்; லிட்கேட்டின் நூல் பதினாறாம் நூற்றாண்டில் அச்சானபோது எழுத்து மாறியது; பழஞ்சொற்களில் மோகம் கொண்ட எட்மண்ட் ஸ்பென்ஸர் அதைத் தனியொரு பெயர்ச்சொல் என்று கருதி 1579-இல் வெளியிட்ட ‘ஆயர் நாட்காட்டி’ கவிதைகளில் எடுத்தாண்டார். நூலோடு வந்த குறிப்புரை அதற்கு ஆண்மை, வீரம் என்று பொருளும் எழுதிவிட்டது. அதற்குப் பிறகும் அது ஏறக்குறைய உறங்கியே கிடந்தது. 1819-இல் வால்டர் ஸ்காட் தம் ‘ஐவன்ஹோ’ புதினத்தில் எடுத்துப் பயன்படுத்திய பின்னரே பரவியது. இதில் யாரைப் படைத்தவர் என்பது? என்னைக் கேட்டால், அச்சுக்கோத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு.

கவிஞர் மில்டனிடம் வரும்போது நிலம் சற்று உறுதியாகிறது. ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் (1667) சாத்தானின் தலைநகருக்கு, கிரேக்கத்தில் ‘எல்லாம்’ என்பதையும் ‘பேய்’ என்பதையும் இணைத்து ‘பாண்டிமோனியம்’ என்று பெயரிட்டார். இது ஐயமற்ற படைப்பு. ஆனால் இன்று அந்தச் சொல்லுக்குள்ள கூச்சல் குழப்பம் என்ற பொருள் அவர் கொடுத்ததன்று. அவருடைய நகரம் கட்டுக்கோப்பானது, அங்கே பேய்கள் முறைப்படி அவை கூடி விவாதிக்கின்றன. புலன்களோடு தொடர்புடையது என்பதற்கு ‘சென்ஷுவல்’ என்ற சொல்லில் சிற்றின்ப வாடை ஏறிவிட்டதால், அதைத் தவிர்க்க 1641-இல் ‘சென்ஷுவஸ்’ என்றொரு சொல்லையும் அவர் ஆண்டார். அதை ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழித்துக் கவிஞர் கோலரிட்ஜ், மில்டனுடையது என்று சொல்லியே மீட்டெடுத்தார். கோலரிட்ஜ் தாமும் சொல் செய்தவர். 1817-இல் வெளியான தம் இலக்கியத் தன்வரலாற்றில் தீவிரமாக்குதல் என்ற பொருளில் ‘இன்டென்ஸிஃபை’ என்று எழுதிவிட்டு, இது (அகராதி தொகுத்த சாமுவேல்) ஜான்சனின் அகராதியில் இல்லை என்பதை அறிவேன், இரண்டு சொற்களில் சுற்றி எழுதினால் வாக்கியத்தின் ஓட்டம் உடைகிறது என்ற பொருளில் ஓர் அடிக்குறிப்பும் எழுதினார். படைத்தவரே கையெழுத்திட்டுத் தந்த இத்தகைய வாக்குமூலம் எங்கள் துறையில் மிக அரிது. கிடைக்கும்போது நாங்கள் அதைப் பெரிதும் மதிக்கிறோம்.

வாக்குமூலம் இருந்தும் சொல் பிழைக்காத வேடிக்கைக்கு லூயிஸ் கரோல் சான்று. 1871-இல் வந்த ஆலிஸ் கதையின் இரண்டாம் நூலில் உள்ள ‘ஜாபர்வாக்கி’ பாட்டின் முதல் செய்யுளில் இருக்கும் விசித்திரச் சொற்களுக்கெல்லாம் ஹம்ப்டி டம்ப்டி என்ற பாத்திரம் பொறுமையாகப் பொருள் கூறுகிறான். இரண்டு சொற்களை ஒன்றாக மடித்துவைத்த பெட்டி என்ற விளக்கமும் அங்கேதான் வருகிறது. அவன் சொன்ன பொருளில் அவற்றுள் எதுவும் அன்றாட ஆங்கிலத்தில் வேரூன்றவில்லை. பிந்திய செய்யுள்களில், எந்த விளக்கமும் இல்லாமல் வரும் ‘சார்ட்டில்’, ‘கலம்ஃப்’ என்ற இரண்டு மட்டும் இன்று செய்தித்தாளில் வருகின்றன. ஒன்று மகிழ்ச்சியில் வரும் ஒருவகைச் சிரிப்பு, மற்றொன்று திமுதிமுவென்று நடப்பது. ஓசையே பொருளைச் சொல்லிவிடுவதோடு, இரண்டும் வாக்கியத்தில் வினையாக நின்று ஆளையும் செயலையும் உடன் காட்டுகின்றன. என்ன காரணத்தால் இவை மட்டும் பிழைத்தன என்பதற்கு இது என் ஊகம்; நிறுவ வழியில்லை.

நாடகம் சொல்லைத் தரும் வேறொரு வழியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்: ஆசிரியர் சொல்லைப் படைப்பதில்லை, பாத்திரத்தையோ சூழ்நிலையையோ படைக்கிறார், அதற்குப் பெயர் தேவைப்பட்டபோது மக்கள் நாடகத்தின் பெயரையே எடுத்துக்கொள்கிறார்கள். ஷெரிடனின் ‘த ரைவல்ஸ்’ (1775) நாடகத்தில் பெரிய சொற்களை இடம் மாற்றிப் பேசும் மிஸஸ் மாலப்ராப்பிடமிருந்து ‘மாலப்ராபிசம்’ வந்தது. பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ 1938-இல் லண்டனில் அரங்கேறியது. வீட்டின் எரிவாயு விளக்கு மங்குவதை மனைவி கவனிக்க, கணவன் அவளுடைய அறிவையே அவளுக்குச் சந்தேகத்துக்குரியதாக்கும் கதை. ‘கேஸ்லைட்டிங்’ என்ற வினை நாடகத்தில் எங்கும் இல்லை. 1960களில்தான் அச்சில் தெரிகிறது. 2022-இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ‘ரோபோ’வின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்திலிருந்து, கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லின் அடியாக வந்தது. சொல்லைத் தந்தவர் தம் அண்ணன் யோசெஃப் என்று சாபெக்கே பின்னர் எழுதினார். நாடகத்தில் வருபவர்கள் இரும்பு எந்திரங்கள் அல்லர், செயற்கையாக வளர்த்தெடுத்த மனித உருக்கள். தென்னாப்பிரிக்காவில் இன்றும் சாலையின் போக்குவரத்து விளக்கை ‘ரோபோ’ என்கிறார்கள் என்பதைப் பார்த்தால், ஒரு சொல் தன் பிறப்பிடத்தை விட்டு எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

இணையத்தில் உலவும் பட்டியல்களில் ஐயத்துக்குரியவையும் உறுதியானவற்றோடு கலந்தே வரும். எடுத்துக்காட்டாக, படிப்பிலோ தொழில்நுட்பத்திலோ மூழ்கிக் கிடப்பவரைக் குறிக்கும் ‘நெர்டு’ என்ற சொல் டாக்டர் சூஸ் 1950-இல் வெளியிட்ட குழந்தைப் பாட்டு நூலில் ஒரு விலங்கின் பெயராக வருவது உண்மை. அடுத்த ஆண்டே அது டெட்ராய்ட் நகர இளைஞர் வழக்கு என்று ஒரு வார இதழ் எழுதியதும் உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்குச் சான்று இல்லை. இத்தகைய செய்திகளை நீங்களே சோதிக்க விரும்பினால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணையப் பதிப்பில் ஒவ்வொரு சொல்லின் பதிவும் எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். திருத்திய பதிவுகள் 2000 முதல் வெளிவருகின்றன, அந்தப் பணி இன்னும் முடியவில்லை. ஷேக்ஸ்பியரை முதல் சான்றாகக் காட்டும் பதிவு அண்மையில் திருத்தப்பட்டிருந்தால், பழைய நூல்களைக் கணினியில் துழாவிய பிறகும் அவரே முந்தியவராக நிற்கிறார் என்று கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியபடியே இருந்தால், அந்த ஆண்டை ஒரு தற்காலிகக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.